குச்சித் தீவனம், 50 கிலோ மூட்டை: ஒரு மாதம் போட்டுப் பார்த்ததில்

குச்சி குச்சியாக அழுத்திச் செய்த இந்த மாட்டுத் தீவனத்தை எங்கள் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்காக வாங்கினேன். மூட்டையைப் பிரித்தால் பூஞ்சை வாடை இல்லை, அடியில் தூளும் குறைவுதான். முதல் நாளே முழு அளவு வைத்துவிட்டேன். சாணம் தண்ணியாகப் போய், அசைபோடாமல் படுத்தே கிடந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

மாட்டு இரைப்பையின் பெரிய அறையான பெருவயிற்றில் தீனியை நொதிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். புதுத் தீவனத்துக்கு அவை பழக 10 நாளாவது வேண்டும். இதை மூட்டையில் அச்சடித்திருக்க வேண்டாமா? பிறகு கால் கிலோவில் தொடங்கி மெல்ல ஏற்றினேன்; வைக்கோலைக் குறைக்கவில்லை. இப்போது தினமும் உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, அதுபோக கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. மத்தியானம் வேப்பமர நிழலில் கண்ணை மூடி அசைபோடுகிறது.

யூரியா சேர்ந்த தீவனம் இது; அதைச் சத்தாக மாற்றுவது பெருவயிற்று நுண்ணுயிர்கள்தான். இளங்கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வளரவில்லை, கோழிக்கு அது கிடையவே கிடையாது. இரண்டுக்கும் போட்டுவிடாதீர்கள்.