தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தொகுப்பு: விடைப் பக்கத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள புத்தகக் கடையொன்றில், மகளுக்காக 650 ரூபாய்க்கு இதை வாங்கினேன். 20 மாதிரி வினாத்தாள்கள், ஒவ்வொன்றிலும் பரீட்சையில் உள்ளவாறே முதல் தாள், இரண்டாம் தாள் என இரண்டு பகுதிகள், கடைசியில் விடைகள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். எழுத்து பெரியது. விடை எழுதும் கோடுகள் பரீட்சைத் தாளில் உள்ளவாறே இருக்கின்றன. இரண்டாம் தாளின் சுற்றாடல் வினாக்கள் அருமை. பனை, கடல்நீரேரி, மழைக்கால வெள்ளம் என்று பிள்ளை கண்ணால் கண்டவற்றைக் கொண்டே கேட்டிருக்கிறார்கள். அவற்றை ஆசையோடு செய்தாள்.

முதல் தாளில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. 40 வினாக்களை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய நுண்ணறிவுத் தாள் அது. ஏழாவது மாதிரியில், கண்ணாடியில் 4.20 எனத் தெரியும் கடிகாரத்தின் உண்மையான நேரத்தைக் கேட்டிருந்தார்கள். மகள் 7.40 என்று எழுதினாள். புத்தகத்திலோ 8.20 என்று இருந்தது. தன்னுடையதுதான் பிழை என்று எண்ணித் தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதினாள்; பிறகு அழுதுவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை 7.40க்குத் திருப்பி, அலுமாரிக் கண்ணாடி முன் பிடித்தேன். அங்கே 4.20 தெரிந்தது. “அம்மா, புத்தகமும் பிழை விடுமா?” என்று கேட்டாள்.

அன்றிரவே விடைகள் அத்தனையையும் நானே செய்து பார்த்தேன். 11 பிழைகள். அகரவரிசை வினா ஒன்று சிங்களத்திலிருந்து பெயர்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளை வைத்து அதற்கு விடையே வரவில்லை.

இரண்டு தாளுக்கும் சேர்த்து 200 புள்ளிகள். விரும்பிய பாடசாலையில் தரம் 6 கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில வேளை ஒரு புள்ளியில் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதுவே பெரிய சுமை. அந்தப் பிள்ளையின் கைக்குப் போகும் விடைப் பக்கத்தை, அச்சுக்கு முன் ஓர் ஆசிரியராவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

முதலில் கடந்தகால வினாத்தாள்களைச் செய்வியுங்கள். அவை முடிந்தபின் இரண்டாம் தாள் பயிற்சிக்கு இதை வாங்கலாம். எங்கள் பிரதியில் 11 பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தி, தரம் 4 படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். திருத்தங்களின் பட்டியலைக் கடைக்காரரிடமும் கொடுத்தேன். பதிப்பகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.