அம்பாசமுத்திரம் வட்டாரச் சமுதாய அரங்கம்: மேடை நிறைவு, திரை இன்னும் தேறவேண்டும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பழைய நெல் அரவை ஆலை ஒன்றை ஊர்க்காரர்களே சீரமைத்து நடத்திவரும் சமுதாய அரங்கத்தில், சனிக்கிழமை மாலை திரைப்படமும் ஞாயிற்றுக்கிழமை மாலை மேடை நிகழ்ச்சியும் நடைபெறுகின்றன. ஏறத்தாழ இருநூறு பேர் அமரலாம்; படத்துக்கு 50 ரூபாய், மேடை நிகழ்ச்சிக்கு 100 ரூபாய். இரண்டுக்கும் தொடர்ந்து போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கூடத்தின் அருமை ஞாயிற்றுக்கிழமைதான் தெரிகிறது. வில்லை இசைத்துக் கதை பாடும் வில்லுப்பாட்டையும், மகுடம் என்னும் பறைக்கு ஆடிப் பாடும் கணியான் கூத்தையும் காதாரக் கேட்க இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

ஊர்த் தெய்வக் கோயில்களின் கொடை விழாக்களில், வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகரான புலவர் பாடும் கதை கூம்பு ஒலிபெருக்கிகளின் வழியே ஊர் எல்லை தாண்டிப் போகும். ஆனால் பந்தலுக்குள் இருப்பவருக்கு, வீசுகோல் நாணில் படும்போது வில்லில் கட்டிய மணிகள் ஒருசேரக் குலுங்குவதோ, பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் கனத்த ஓசையோ தனித்துக் கேட்பதில்லை. இந்த அரங்கத்தில் பாடுகிறவர்களுக்கு மட்டுமே ஒலிவாங்கி வைக்கிறார்கள். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் இயல்பான ஓசையிலேயே கூடத்தை நிறைக்கின்றன. அந்த ஓசை தெளிவாகக் கேட்பதற்கு முதன்மையான காரணம், பக்கச் சுவர்களில் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டிருக்கும் பத்தமடைக் கோரைப்பாய்கள். தொடக்கத்தில் வெறும் சுவராக இருந்தபோது ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது. பாய்கள் வந்தபின் எதிரொலி அடங்கி, கதையின் சொற்கள் தெளிந்துவிட்டன. புலவர் ஓர் அடியை முடிக்க, பின்பாட்டுக்காரர்கள் ‘ஆமா’ என்று வாங்கிக்கொள்ளும் அந்த நொடியின் துல்லியத்துக்காகவே ஒருமுறை போகலாம். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் வழியாக மட்டுமே இக்கலையை அறிந்தவர்கள், கோயில் கதைப்பாடலின் நிதானமான நடையை இங்கே கேட்பது நல்லது. இரண்டும் வேறுவேறு சுவைகள்.

கணியான் கூத்தை நடத்தும் முறையும் பாராட்டுக்குரியது. மகுடத்தின் தோலைத் தீயில் காய்ச்சினால்தான் சுருதி ஏறும் என்பதால், பின்கட்டில் அதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, நிகழ்ச்சிக்கு நடுவிலும் கலைஞர்கள் போய்வர இடைவேளை விடுகிறார்கள். கலையை அறிந்தவர் ஒருவராவது நிர்வாகத்தில் இருந்தால்தான் இந்த ஏற்பாடு தோன்றும். உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடங்கள் ஒன்றையொன்று துரத்த, பெண் வேடமிட்ட ஆட்டக்காரர்கள் முதன்மைப் பாடகரான அண்ணாவியின் பாட்டுக்கு அடி போடும்போது அவர்களின் கால்களைப் பார்க்கவேண்டும். அதற்கு முதல் நான்கு வரிசைகளுக்குள் இடம் பிடித்துவிடுங்கள். தரை சமதளமாக இருப்பதால் பின்வரிசையில் இருப்பவருக்கு ஆட்டக்காரர்களின் இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது. வில்லுப்பாட்டில் எல்லோரும் அமர்ந்து பாடுவதால் வில்லே மறைந்துவிடுகிறது. பின்பாதியில் பலகை அடுக்கி உயர்த்துவது பெரிய செலவு இல்லை. உடனே செய்யவேண்டிய வேலை இதுதான்.

தனித்தனியாக வரும் நடிகர்கள் ஓரிரவுக்குக் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் மட்டும் எனக்கு நிறைவில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) மரபில் விடிய விடிய நடக்கும் நாடகத்தை மூன்று மணி நேரத்துக்குள் அடக்க நினைப்பது புரிகிறது. ஆனால் குறைப்பதெல்லாம் தர்க்கக் காட்சியில்தான் குறைகிறது. இரண்டு நடிகர்கள் பாட்டாலும் பேச்சாலும் ஒருவரையொருவர் மடக்கும் அந்தப் பகுதியில்தான் நடிகரின் படிப்பும் சமயோசிதமும் வெளிப்படுகின்றன. கோமாளியின் நகைச்சுவைப் பகுதியான பபூன் காமிக்கைச் சுருக்கிவிட்டுத் தர்க்கத்தை முழுமையாக விடலாம். அல்லது மாதம் ஒரு முறையாவது நேரக் கட்டுப்பாடு இன்றி ஓர் இரவை நாடகத்துக்கே கொடுக்கலாம்.

இனித் திரைப்படம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அவை எடுக்கப்பட்ட ஏறக்குறைய சதுரமான சட்டத்திலேயே, இரு பக்கமும் கறுப்பாக விட்டுக் காட்டுகிறார்கள். திரையை நிரப்புவதற்காகப் படத்தை அகலமாக இழுப்பதோ, தலையையும் காலையும் வெட்டுவதோ இல்லை. இந்த ஒழுங்கைப் பல பெரிய இடங்களிலும் காண்பது அரிது. ஆனால் ஒலி குறைபட்டே நிற்கிறது. வழக்கமான திரையரங்கில் நுண்துளையிட்ட திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கி இருப்பதால் வசனம் நடிகரின் முகத்திலிருந்தே வருவதுபோல் இருக்கும். இங்கே மேடைக்காகத் திரையைச் சுருட்டி ஏற்றவேண்டியிருப்பதால் ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரங்களிலும் நிற்கின்றன. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கத்துக் குரல்தான் கேட்கிறது. ஆகவே படத்துக்கு நடுப்பகுதியே நல்லது. மேற்கூரை தகரமாதலால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வசனம் அடிபட்டுப்போகிறது. அடியில் உட்கூரை போடும்வரை மழை மாதங்களில் படத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. வாசலில் மூன்று படிகள் உண்டு, சாய்தளம் இல்லை; முதியவர்களை அழைத்துவருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் தொண்டர்கள் பின்கட்டு வாசலைத் திறந்துவிடுகிறார்கள். இடைவேளையில் சுக்குக் காப்பியும் சுண்டலும் கிடைக்கும். நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு மேல் முடிவதால், சேரன்மகாதேவி, திருநெல்வேலிப் பக்கம் திரும்பவேண்டியவர்கள் பேருந்தை எண்ணிப் பாதியில் எழுந்து போகிறார்கள்; கதை உச்சத்தை எட்டும் நேரத்தில் நாற்காலிகள் காலியாவது கலைஞர்களுக்கும் வருத்தம். ஆறு மணிக்கே தொடங்கும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வெளியூர்க்காரர்கள் திரும்பிப்போக வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள்.