அம்மாவின் கைப்பேசியில் அரசாங்கம்: ஒரு தமிழாசிரியையின் மதிப்பெண்

2025 ஜூலை. சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டுக்காக அரசாங்கம் தந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டை வாங்கித் தருவதற்காக, அம்மாவின் சிங்பாஸில், அதாவது அரசாங்க மின்னடையாளக் கணக்கில், நுழைந்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தேன். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி. சற்று நேரத்தில் அவர் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, உள்ளே ஓர் இணைப்போடு. அம்மா அதை அழிக்க விரலைக் கொண்டுபோய்விட்டார். “நீதானே சொன்னே, லிங்க் வந்தா தொடாதேன்னு?”

அவர் செய்தது சரிதான். இரண்டு வருடமாக நானும் தம்பியும் அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதே அரசாங்கம்தான் மோசடி இணைப்புகளைத் தொடாதீர்கள் என்கிறது, அதே அரசாங்கம்தான் இணைப்பும் அனுப்புகிறது. 79 வயதில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

அன்றிலிருந்துதான் ஒரு குறிப்பேடு போட்டேன். அரசாங்கமும் கட்சிகளும் எங்கள் தொகுதிக்காரர்களும் கைப்பேசி வழியாக எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை எழுதி வைக்கிறேன். பத்தொன்பது வருடமாகத் துணைப்பாட வகுப்பு எடுப்பவள் என்பதால் மதிப்பெண் போடுகிறேன், பத்துக்கு இத்தனை என்று. பார்ப்பது இரண்டே விஷயம். அம்மாவுக்குப் போய்ச் சேர்கிறதா? அம்மா திருப்பிக் கேட்டால் பதில் வருகிறதா?

முதலில் அந்தக் குறுஞ்செய்தி. 2024 ஜூன் 18 முதல் அரசு அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. அதற்கு முன்னால் ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு பெயரில் அனுப்பும், எது நிஜம் எது போலி என்று எனக்கே குழப்பம் வரும். இப்போது பார்க்க வேண்டியது ஒரே பெயர். அந்த ஆங்கில எழுத்துகளை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, அம்மாவின் கைப்பேசி உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். செய்தி வந்தால் கைப்பேசியைத் திருப்பி, அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒத்துப்போனால் என்னைக் கூப்பிடுகிறார், ஒத்துப்போகாவிட்டால் அழித்துவிடுகிறார். சந்தேகம் என்றால் 1799, மோசடியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஸ்காம்ஷீல்டு உதவி எண். அதையும் அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரே பெயர் என்ற இந்தச் சின்ன மாற்றம் வயதானவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, அவர்களோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எட்டரை மதிப்பெண்.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்ல 2020க்குப் போக வேண்டும். பிப்ரவரி 7 அன்று கொவிட் காரணமாக நோய்த்தொற்று எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தப்பட்டது. அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, நூடல்ஸ், கழிவறைத்தாள் எல்லாம் காலி. எங்கள் குடும்பக் குழுவில் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்பதிவுகள், எல்லாமே யாரோ யாருக்கோ சொன்னது. மறுநாள் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் காணொளியில் பேசினார், ஆங்கிலத்தில், மலாயில், மாண்டரினில். அம்மா மலாய்ப் பேச்சை இரண்டு முறை கேட்டார். அவர் தலைமுறைத் தமிழர்கள் பலருக்கும் கம்பத்தில், அதாவது பழைய கிராமங்களில், வாழ்ந்த காலத்து மலாய் நன்றாகவே வரும். கேட்டு முடித்து, “சாப்பாடு தீராதாம், பயப்பட வேண்டாமாம்” என்று எனக்கே மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அது தமிழில் வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தையும் மறக்கவில்லை.

அப்புறம் அந்த ஆண்டே கவ்.எஸ்ஜி வாட்ஸ்அப் சேவை தமிழிலும் வந்தது. நான்கு மொழிகளில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் இருந்த நாட்களில் அம்மாவுக்கு அதுதான் துணை. எந்தக் கடை திறந்திருக்கும், முகக்கவசம் எப்போது கட்டாயம் என்பதெல்லாம் சுருக்கமாகத் தமிழில் வரும். அம்மா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, குடும்பக் குழுவில் வந்த வதந்திக்குக் கீழே நகலெடுத்துப் போடுவார். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக, அரசாங்கச் செய்தியை வீட்டில் எல்லாருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவர் அவர்தான். அதற்கு முன் எப்போதும் நாங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஒன்பது மதிப்பெண், யோசிக்காமல் போடுவேன்.

தமிழில் அனுப்பினால் மட்டும் போதாது, எழுத்து முழுதாகப் போய்ச் சேர வேண்டும். பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். டெங்கி பற்றிய ஒரு படம் சமூக ஊடகத்தில் வந்தது, நான்கு மொழிகளில். பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ தொற்று இருந்தால் வட்டாரத்தில் சிவப்புப் பதாகை தொங்கும் அல்லவா, அதை விளக்கும் படம். தமிழ்ப் பகுதியில் ‘கொசு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ககரம் தனியாக, கொம்பு அதற்குப் பின்னால், கால் இன்னும் தள்ளி. அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?” என்று கேட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. எழுத்தை உடைத்தது யாரோ, தன் கண்ணைச் சந்தேகப்பட்டது அவர்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ‘கொ’ என்பதைத் தட்டும்போது முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் போய் நிற்க வேண்டும். படம் வடிவமைக்கும் மென்பொருளில் அதற்கான அமைப்பை இயக்காவிட்டால், தட்டிய வரிசையிலேயே குறிகள் கொட்டிவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது படமாகத்தான் தெரியும், பிழையாகத் தெரியாது. கடைசியாக ஒரு தமிழர், ஒரே ஒருவர், ஒரு நிமிடம் பார்த்தால் போதும். தேசிய மொழிபெயர்ப்புக் குழு 2014 முதல் இருக்கிறது. பொதுமக்கள் மொழிபெயர்ப்பை மேம்படுத்தித் தர 2022 முதல் ஓர் இணையவாசலும் இருக்கிறது. ஏற்பாடு இல்லாமல் இல்லை. அந்தப் படத்தின் கீழே நான் சரியான எழுத்தைப் போட்டேன், மறுநாளே மாற்றிவிட்டார்கள். மாற்றியதற்கு நன்றி. இரண்டு மதிப்பெண், மறுநாளே மாற்றியதற்காக இன்னும் மூன்று.

தேர்தல் நேரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா இளம் வயதில் ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் மதிய வெயிலில் நின்று தேர்தல் பேச்சுக் கேட்டவர். 2020இல் கொவிட் காரணமாகக் கூட்டங்களே இல்லை, எல்லாம் இணையத்தில். 2025 மே 3 தேர்தலுக்குக் கூட்டங்கள் திரும்பின. ஆனாலும் நாங்கள் பெரும்பாலும் பார்த்தது நேரலையிலும் டிக்டாக்கிலும்தான். தமிழில் அம்மா நிம்மதியாகக் கேட்டது வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சியில் வந்த கட்சிகளின் அரசியல் ஒளிபரப்பு. வேட்பாளர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிய போட்காஸ்டுகளில் அவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. மனிதர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்பது அந்த மாதிரி நீண்ட பேச்சில்தான் வெளிப்படும். அது அவருக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம். நான்கு மதிப்பெண்.

ஒரு விஷயத்தில் மட்டும் திருப்தி. வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் கணினியில் செய்த போலிக் காணொளிகளைத் தேர்தல் காலத்தில் தடுக்க 2024 அக்டோபரில் சட்டம் நிறைவேற்றினார்கள். என்னிடம் படிக்கும் ஒரு 14 வயதுப் பையன் ஒரு கட்சியின் காணொளியைக் காட்டி, “டீச்சர், இதை அனுப்பலாமா?” என்று கேட்டான். 16 வயது நிரம்பாதவர்கள் தேர்தல் நடவடிக்கைகளில் ஈடுபடக் கூடாது என்பது விதி, பார், யோசி, அனுப்பாதே என்றேன். அன்றைய வகுப்பில் கட்டுரைத் தலைப்பையே அதற்கு மாற்றிவிட்டேன்.

இனி எங்கள் தொகுதிப் பக்கம். எந்தத் தொகுதி என்று சொல்லப்போவதில்லை, தீவின் வடக்கே என்பது போதும். அக்டோபர் 2025 முழுக்க அவர்களின் ஃபேஸ்புக் பதிவுகளை எண்ணினேன். 46 பதிவுகள். தமிழ் இருந்தவை மூன்று, அதில் இரண்டு தீபாவளி வாழ்த்து. வாழ்த்துக்குக் கீழே அம்மா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன்: “எங்கள் புளோக்கிலிருந்து காப்பிக்கடைக்குப் போகும் வழியில் மூன்று படி இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கைப்பிடி போட்டுத் தர முடியுமா?” மூன்று நாள் கழித்து ஓர் இதயக்குறி வந்தது. ஒரு வாரம் கழித்து, மின்னஞ்சல் அனுப்பவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மா தினமும் கேட்டார், “என்ன சொல்றாங்க?” இதயக்குறியை என்னவென்று மொழிபெயர்ப்பது? மூன்று மதிப்பெண்.

பிறகு, வட்டாரக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்விஸ் என்ற அரசாங்கச் செயலியில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அதே விஷயத்தை நான் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். 2015இல் வந்த செயலி அது. படிக்கட்டு நகர மன்றத்துடையதா, வேறு அமைப்புடையதா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், உரியவரிடம் அவர்களே சேர்த்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் பேச ‘காக்கி’ என்று ஓர் உரையாடல் சேவையும் 2021இல் சேர்ந்தது. பத்து நாளில் ஒருவர் அளவெடுக்க வந்தார். மலாய்க்காரர். அம்மா கீழே இறங்கிப் போய், அவருடன் மலாயில் பேசி, தன் இடுப்பு உயரத்தைக் கையால் காட்டி, “இவ்வளவு தாழ்வா இருக்கணும், மேலே போட்டா எனக்கு எட்டாது” என்று விளக்கினார். அவர் நாடாவை அம்மாவின் கைக்குப் பக்கத்தில் பிடித்து அளந்து எழுதிக்கொண்டார். செயலிக்கு எட்டு மதிப்பெண், அந்த மனிதருக்குப் பத்து.

டிசம்பரில் கைப்பிடி வந்துவிட்டது. தொகுதிப் பக்கத்தில் அந்தப் பழைய தீபாவளிப் பதிவைத் தேடி எடுக்கச் சொன்னார் அம்மா. கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கும் படத்தைப் போட்டு, நன்றி என்று தமிழில் எழுதச் சொன்னார். எழுதி அனுப்பப் போனேன். “இரு, இன்னொரு வரி போடு,” என்றார். “மருந்தகத்துக்குப் போற வழியிலயும் நாலு படி இருக்கு.”