குருசுக்குப்பத்தில் எட்டு ஆண்டுகள்

விழுப்புரம் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் என் ஆசிரியப் பணி 2017ஆம் ஆண்டு மே மாதத்தோடு நிறைவுற்றது. வைகாசி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று என் மனைவி விரும்பியதால், ஜூன் முதல் வாரத்திலேயே புதுச்சேரியில், குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியில், பலகணியில் நின்றால் கடல் தெரியும் ஓர் இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். இப்போது எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஓய்வுக்குப் பின் இங்கே வர எண்ணும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வாடகையைப் பற்றியும் காற்றைப் பற்றியும்தான். அவர்கள் கேட்கத் தவறுவதையும் சேர்த்துச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வந்ததே அதற்காகத்தான், அது பொய்க்கவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அறுபது கடந்தவர்களே இருக்கிறார்கள். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்துவிட்டுத் தனித்திருப்பவர்கள், அரவிந்தர் ஆசிரமத்தை ஒட்டி வாழ வந்தவர்கள், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் குடும்பத்தினர் எனப் பலரும் உண்டு. கடைசியாகச் சொன்னவர்களை ஊரார் இன்றும் 'சொல்தா' என்றே அழைக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மையார் ஒரு சொல்தாவின் மனைவி. கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், ஜூலை 14ஆம் நாள் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் தெரு முழுவதும் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடும். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால், கைத்தடி ஊன்றி நடப்பவரும் அஞ்சாமல் சாலையின் நடுவிலேயே நடக்கலாம். தமிழ்நாட்டின் எந்தக் கடலோர ஊரிலும் இத்தகைய வசதியை நான் கண்டதில்லை. 1827இல் தொடங்கப்பட்ட ரோமேன் ரோலண்ட் நூலகத்துக்கும் நடந்தே போய்விடலாம்; வாரத்தில் மூன்று காலைப் பொழுதுகள் எனக்கு அங்கேதான் கழிகின்றன.

ஆனால் இந்த அமைதிக்கு நாள் கணக்கு உண்டு. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை வெளியூர் வண்டிகள் நிறைந்துவிடும். ஆண்டின் கடைசி இரவில் தூக்கம் என்பதே கிடையாது. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் மூர்த்திகள் எல்லாம் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, எங்கள் தெரு வழியாக நடப்பதே அரிது. அந்த நெரிசலை மட்டும் நான் குறையாகச் சொல்லமாட்டேன். ஒரே மணற்பரப்பில் அத்தனை தெய்வங்களை ஒருசேரக் கண்டு என் மனைவி கண்ணீர் மல்க நின்ற காலையை நான் மறக்கவில்லை.

அடுத்தது உப்பு. கடலோர வீட்டைப் பற்றி எந்தத் தரகரும் வாய் திறக்காத பொருள் இது. முதல் ஆண்டு முடிவதற்குள் சன்னல் கம்பிகள் வெடித்து ஏடு ஏடாக உதிர்ந்தன. கடலைப் பார்த்து மாட்டியிருந்த ஏ.சி.யின் வெளிப்புற யூனிட் மூன்றாம் ஆண்டில் நின்றுபோனது. அதைக் கழற்றிய மெக்கானிக், அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டுப் பொடியாக்கிக் காட்டி, "சார், இதை வீட்டுக்குப் பின்பக்கம் மாட்டியிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும்" என்றார். எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்று நம்பிப் படிக்கட்டுக் கைப்பிடியை மாற்றினோம். ஓராண்டில் அதிலும் பழுப்புப் புள்ளிகள் படர்ந்தன. பிறகுதான் எவர்சில்வரிலும் 304, 316 என்று தரங்கள் உண்டென்றும், மாலிப்டினம் என்னும் உலோகம் கலந்த 316தான் உப்புக்காற்றை அதைவிட நன்றாகத் தாங்கும் என்றும் அறிந்தோம். இவையெல்லாம் பணத்தோடு போகும். கட்டடத்துக்குள் இறங்கும் உப்புதான் கவலைக்குரியது. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பியை அடைந்து துருப்பிடிக்கச் செய்தால், துருவேறிய கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் காரையைப் பிளந்து தள்ளிவிடும். எனவே வீடு பார்க்க வருபவர்கள் கடலைப் பார்ப்பதற்கு முன் பலகணியின் அடிப்பக்கத்தையும் தண்ணீர்த் தொட்டி நிற்கும் தூண்களையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே நீளவாக்கில் கீறல் ஓடினால், வண்ணம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

மணற்கரையில் காலாற நடக்கலாம் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். எங்கள் பகுதியில் கரை என்பது கருங்கற் குவியல்தான். இந்தக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்கள் அந்த மணலைத் தென்பக்கமே தடுத்து நிறுத்திவிட்டதால், வடக்கேயுள்ள கரைக்கு வரவேண்டிய மணல் வராமல் போயிற்று. எடுத்துச்செல்வது நிற்கவில்லை, கொண்டுவந்து சேர்ப்பது மட்டும் நின்றுவிட்டது, கரை தேய்ந்தது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் இரும்புத் திட்டு ஒன்றை அமைத்த பின் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பியதை நாங்களே கண்ணால் கண்டோம். எங்கள் பக்கம் கற்கள் அப்படியே இருக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலையில் அந்தக் கற்கள்தாம் நகரைக் காத்தன என்று முதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் படகை ஏற்றி நிறுத்த மணல் இல்லாமல் போன மீனவக் குடும்பங்களுக்கு அதே கற்கள் செய்த இழப்பையும் நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். காட்சிக்காகக் குடிவந்த நாங்கள் அனுபவிக்கும் கடலும், பிழைப்பைப் பறிகொடுத்து அவர்கள் பார்க்கும் கடலும் ஒன்றல்ல.

வீடு பார்க்கப் பெரும்பாலோர் வருவது தை, மாசியில். ஊர் மிக அழகாக இருக்கும் பருவம் அது. நான் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரச் சொல்வேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பின்னும் நகராமல் மணிக்கணக்கில் நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கடலோரத்தில் இருக்கிறீர்களே என்று அஞ்சி எங்களைத் தொலைபேசியில் அழைத்த நண்பர்கள்தாம் இடுப்பளவு நீரில் நின்றார்கள். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற உள்நகரத் தாழ்பகுதிகள் மூழ்கின. எங்கள் தெரு மணல்மேடு என்பதால் நீர் வடிந்துவிட்டது. ஆனால் இரண்டாம் மாடியில் காற்று நேராக வந்து அறைந்தது. கதவிடுக்குகள் வழியே உப்புநீர் உள்ளே பீறிட, மின்சாரமும் இன்றி இரவைக் கழித்தோம்.

கோடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மே மாதத்தில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். கடற்காற்று நண்பகலுக்கு மேல் நுழையும், சில நாள்களில் மூன்று மணி வரை காக்க வைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும். அப்போது கூடையோடு வரும் அம்மாவிடம் சிறுபடகுகள் கொண்டுவரும் நெத்திலியோ மத்தியோதான் கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: இது வேறு நிர்வாகம். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றைப் புதிதாகப் பதிய வேண்டும். சில கிலோமீட்டர் வடக்கே உள்ள கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநிலம் மாற விரும்பாத நண்பர்கள் இருவர் அங்கே வீடெடுத்திருக்கிறார்கள்.

இனி, எட்டு ஆண்டுகளில் நான் தாமதமாகக் கற்றதைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு என் மனைவிக்கு மூட்டுவலி முற்றியது. மாடியிலிருந்து இறங்குவது வாரத்துக்கு இருமுறையாகி, பின்பு ஒருமுறையானது. கடலைப் பார்த்தபடியே அவர் கடலிலிருந்து விலகிப்போனார். மறு ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் இரவு அவருக்கு மயக்கம் வந்தபோது, நாற்காலியில் வைத்து இரண்டு மாடி இறக்க ஆள் இல்லாமல் நான் தெருவில் நின்று கத்தினேன். வந்தவர்கள் வைத்திக்குப்பத்து இளைஞர்கள் நால்வர். முதலில் போன தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி மருத்துவர் இல்லை என்று அரை மணி நேரம் காக்க வைத்தார்கள். பின்பு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், கடற்கரையிலிருந்து அது மிக அருகில்தான் இருக்கிறது. மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை சற்றுத் தள்ளிக் கோரிமேட்டில் இருக்கிறது. பகலில் செல்லும் சிறப்புச் சிகிச்சைக்கு அதைவிட நல்ல இடம் இப்பகுதியில் இல்லை என்றாலும், நள்ளிரவில் முதலில் வேண்டுவது பக்கத்தில் உள்ள வாசலே. முதியவர்களே நிறைந்த தெருவில் ஒருவரைத் தூக்க இன்னொரு முதியவரால் முடியாது. ஓய்வுபெற்றோர் மட்டும் வாழும் அடுக்ககங்களை விளம்பரத்தில் பார்க்கும்போதெல்லாம், அந்த நால்வரை நினைத்துக்கொள்கிறேன்.

அறுபதை நெருங்கும் வயதில் வீடு தேடியபோது அறுபது வயதுக்காரனின் கால்களுக்கே தேடினேன். எழுபதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த இரவும், அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலும் கடந்த பின் இரண்டு தெரு உள்ளே தள்ளி, கடல் தெரியாத ஒரு தரைத்தள வீட்டுக்கு மாறினோம். வாடகை குறைவு, உப்பும் ஓரளவு குறைவு, வாசலில் திண்ணை இருக்கிறது. மாலையில் மனைவி அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வார். கடற்கரைக்கு மெல்ல நடந்துபோய் வருவதும் மீண்டும் தொடங்கியிருக்கிறது; ஒருநாள் அவர் திண்ணையில் தென்படாவிட்டால், எதிர்த்த வீட்டிலிருந்து "வாத்தியாரய்யா, அம்மாவை எங்க காணோம்?" என்று குரல் வந்துவிடும். புரட்டாசி பிறந்துவிட்டதால், மழைக்கு முன் சன்னல் கம்பிகளைத் தேய்த்து வண்ணம் பூச நாளை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.