விசையழுத்த நேரத்துக்கு எந்தக் கடிகாரம்: ரியல்டைமா, மொனோடோனிக்கா?

இலங்கை மலையகத்தின் அட்டனில் தமிழ்த் தட்டச்சு பயிலும் பிள்ளைகளின் விரல் எந்த எழுத்தில் தயங்குகிறது என்று காட்டும் மென்பொருளை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விசையழுத்தத்தின் நேரத்தை எங்கிருந்து வாசிப்பது என்பதில் எனக்கு நீண்ட யோசனை தேவைப்படவில்லை. பாமினி என்ற தமிழ் விசைப்பலகை அடுக்கில் 'கொ' என்று எழுத ஒற்றைக் கொம்பு, ககரம், அரவு என மூன்று விசைகளை அழுத்த வேண்டும். யூனிகோடில் எழுதும்போது இடையிலுள்ள உள்ளீட்டு முறை அவற்றைச் சேர்த்து ஒரே எழுத்தாக்கித் தருவதால், உலாவிக்குள் இயங்கும் நிரலால் மூன்று அழுத்தங்களையும் பெரும்பாலும் நம்பிப் பிரித்தறிய முடியாது. லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எக்ஸ் சேவையகம் தரும் நேரம் மில்லிவிநாடிக் கணக்கில் 32 பிட் எண்ணாக வருகிறது, அது 49.7 நாட்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். ஆகவே இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல், விசைப்பலகை நிகழ்வுகளை நிரல்களுக்கு நேரடியாகத் தரும் ஈவிடெவ் இடைமுகத்தையே தேர்ந்தேன். அங்கே ஒவ்வொரு அழுத்தமும், ஒவ்வொரு விடுவிப்பும் மைக்ரோவிநாடி இலக்கங்களுடன் தனித்தனியே வருகின்றன.

உண்மையான போட்டி அதற்குப் பிறகுதான், கர்னலின் ரியல்டைம், மொனோடோனிக் என்ற இரு கடிகாரங்களுக்கிடையே தொடங்குகிறது. ஈவிடெவ் எந்தக் கடிகாரத்தின் நேரத்தைப் பதிய வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். சொல்லாவிட்டால் அது ரியல்டைம், அதாவது 1970 முதல் எண்ணப்படும் நாட்காட்டி நேரத்தைத் தரும். இதன் வசதி வெளிப்படையானது: எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது பதிவிலேயே இருக்கும், வேறு பதிவுகளோடு எளிதில் ஒப்பிடலாம். நேர வலயம் மாறினாலும் இந்த எண் மாறாது. 2006 இல் இலங்கை மீண்டும் 5:30க்குத் திரும்பியது போன்ற மாற்றம் நாளை வந்தாலும் கணக்குப் பிசகாது.

பிசகுவது வேறோர் இடத்தில். மலையகத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வருவது வழக்கம். பழைய கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையின் சிறு பட்டரி தீர்ந்திருப்பதால், மின்சாரம் வந்ததும் அவை ஏதோ ஒரு பழைய நேரத்தில் எழுகின்றன. ரவுட்டர் இணையத்தோடு இணைவதற்குச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் பிள்ளைகள் பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். பின்னர் இணையம் கிடைத்ததும் நேர ஒத்திசைவுச் சேவை கடிகாரத்தை ஒரே தாவலில் சரியான நேரத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தத் தாவல் கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே நிகழ்ந்தால், 180 மில்லிவிநாடியாக இருக்க வேண்டிய இடைவெளி பல மணி நேரமாகப் பதிவாகும். கடிகாரம் முந்தியிருந்து பின்னுக்கு இழுக்கப்பட்டால் இடைவெளி எதிர்மறையாகவே வரும். அபத்தமான எண்களை வடிகட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பெரிய தாவலை வடிகட்டலாம், ஆனால் அரை விநாடித் தாவல் மாணவரின் தயக்கத்தைப் போலவே தோன்றும், அதைப் பிரித்துக் காட்ட எந்த வடிகட்டியாலும் இயலாது.

கணினி தொடங்கியதிலிருந்து எண்ணும் மொனோடோனிக் கடிகாரம் இவ்வாறு தாவுவதில்லை; முன்னோக்கி மட்டுமே செல்கிறது. ஒத்திசைவுச் சேவை அதன் வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்கலாம், ஆனால் வழக்கமான உச்ச வரம்பு பத்து இலட்சத்துக்கு 500 என்பதால் 200 மில்லிவிநாடி இடைவெளியில் 0.1 மில்லிவிநாடிக்கு மேல் பிழை சேராது. சாதாரண யூஎஸ்பி விசைப்பலகை 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வாசிக்கப்படும் நிலையில் அது பொருட்படுத்தத்தக்கதே அல்ல. மைக்ரோவிநாடி இலக்கங்களைக் கண்டு அந்த அளவு துல்லியம் கிடைத்துவிட்டதாக எண்ணவும் கூடாது. நேரமுத்திரை இடப்படுவது நிகழ்வு கர்னலை வந்தடைந்த பிறகே.

ஈவிடெவ்வை மொனோடோனிக்குக்கு மாற்றுவதற்கு ஓர் ஐஓசிடிஎல் அழைப்பு, அதாவது நிரல் கர்னலுக்கு இடும் ஒரு கட்டளை, போதும். விசைப்பலகைக்கான ஈவிடெவ் கோப்பைத் திறந்தவுடன், வாசிக்கத் தொடங்குமுன் அதைச் செய்வது நல்லது, ஏனெனில் வரிசையில் காத்திருக்கும் நிகழ்வுகள் அந்த மாற்றத்தின்போது கைவிடப்படும். தேர்வு நாம் திறந்த அந்தக் கோப்புக்கு மட்டுமே உரியது. பக்கத்துச் சாளரத்தில், நிகழ்வுகளைக் காட்டும் ஈவிடெஸ்ட் என்ற சோதனை நிரல் ஓடினால் அங்கே பத்து இலக்க விநாடிகளும் நம் நிரலில் சிறிய எண்களும் வருவதைக் காணலாம். சிறிய எண் நாளைச் சொல்லாது என்பதுதான் இதன் குறை. பயிற்சி முடியும் தருணத்தில் இரு கடிகாரங்களையும் ஒருசேர வாசித்துக் குறித்து வைத்தால் அதுவும் தீரும். தொடக்கத்தில் குறிப்பதை நம்பக்கூடாது, அப்போது நாட்காட்டி நேரம் இன்னும் திருந்தாமல் இருக்கக்கூடும்.

மடிக்கணினி உறங்கும் நேரத்தை மொனோடோனிக் எண்ணாது, பூட்டைம் என்ற மூன்றாவது கடிகாரம் எண்ணும். எங்கள் அறையில் மேசைக் கணினிகளே இருப்பதால் பூட்டைமை நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். ஈவிடெவ்வை வாசிக்கும் அனுமதி பெற்ற நிரல், கடவுச்சொல் உட்பட அந்த விசைப்பலகையில் அழுத்தப்படும் அனைத்தையும் வாசிக்கும். ஆகவே மாணவர் கணக்கை, அந்த அனுமதியுள்ள இன்புட் என்ற பயனர் குழுவில் சேர்க்காமல், தனிக் கணக்கில் இயங்கும் சிறிய சேவைக்கு மட்டும் அனுமதி கொடுத்து, பயிற்சி முடிந்ததும் அது கோப்பை மூடிவிடும்படி அமைத்தேன். நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் என்பது மட்டும் போதுமென்றால் இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். உலாவியின் நேரமே தாராளமாகப் போதும், அது ஏற்கெனவே தாவாத கடிகாரத்தில்தான் ஓடுகிறது.