பறக்கும் வாகன ஸ்டார்ட்அப்: முதலில் யாரை வேலைக்கு எடுப்பது?

முதல் ஐந்தாறு பேர் யார்? பெரிய விமான நிறுவனங்களில் ஊறிய பொறியாளர்களா, ட்ரோனும் பந்தயக் காரும் கையால் கட்டிப் பழகியவர்களா?

கட்டிப் பழகியவர்களின் பலம் வேகம். மோட்டார் தாங்கி அதிர்கிறதா, அன்று மாலையே வேறொன்றை வெட்டிப் பொருத்திவிடுவார்கள். கார்பன் ஃபைபர், வயரிங், பேட்டரி பேக் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பார். என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்கச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்!

விமானத் துறைக்காரர்கள் ஜெயிப்பது அங்கேதான். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019-ல் வெளியிட்ட விதிகளின்படி, கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றும் செங்குத்தாக எழும் வாகனத்தில், பேரழிவு தரும் கோளாறுக்கான வாய்ப்பு 100 கோடி பறப்பு மணிக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது. இதைப் பறந்து காட்டி நிரூபிக்க முடியாது. பகுப்பாய்வும் ஆவணங்களும்தான் வழி.

மிக இலகுரக வாகனங்களுக்கான அமெரிக்காவின் பார்ட் 103 விதிக்குள் அடங்கும், வெற்று எடை 254 பவுண்டுக்குக் குறைவான ஒற்றை ஆள் வாகனம் என்றால் வாகனத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்றிதழே வேண்டாம். அதற்குக் கட்டுபவர்களும், கட்டுப்பாட்டு மென்பொருள் தெரிந்த ஒருவரும் போதும். பயணிகள்தான் இலக்கு என்றாலும் முதல் மாதிரியை நான் கட்டுபவர்களிடமே விடுவேன். ஆனால் சான்றிதழ் வேலை தெரிந்த ஒருவரை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைப்பேன்.