யாருடைய உமிழ்வு, எப்போதைய உமிழ்வு? கட்டடத்தின் கார்பன் கணக்குக்கு இரண்டு வழிகள்

பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பலர், கட்டடத்தின் பசுமை இல்ல வாயு உமிழ்வு என்றால் ஒரே ஓர் எண் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்கில் இறங்குகிறார்கள். சீக்கிரமே குழப்பம் வந்துவிடுகிறது. ஆலோசகர் ஒருவர் ஸ்கோப் 1, 2, 3 என்று பேசுவார். கட்டுமானப் பொருள்களைக் கணக்கிடும் பொறியாளர் ஏ1, ஏ5, பி6 என்று எழுதி அனுப்புவார். இரண்டும் ஒரே உமிழ்வைத்தான் பிரிக்கின்றன, ஆனால் பிரிக்கும் கோடு வேறு. ஸ்கோப் முறை "இது யார் பொறுப்பு?" என்று கேட்கிறது. ஆயுள் சுழற்சி முறை "கட்டடத்தின் வாழ்நாளில் இது எப்போது வெளியேறுகிறது?" என்று கேட்கிறது. எந்த இடத்தில் எது உதவும் என்று தெரியாமல் இரண்டையும் கலந்தால், ஒரே சிமென்ட் இரண்டு முறை கணக்கில் ஏறும், அல்லது ஒரு முறைகூட ஏறாது.

ஸ்கோப் முறை வந்தது, பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடும் விதிநூலான ஜிஎச்ஜி புரோட்டோகாலிலிருந்து. உலக வளங்கள் நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிக மன்றமும் சேர்ந்து 2001-இல் முதல் பதிப்பையும் 2004-இல் திருத்திய பதிப்பையும் வெளியிட்டன. அது நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது, கட்டடங்களுக்காக அல்ல. பாதிக் குழப்பத்துக்கு இதுவே காரணம். இங்கே பேசும் ஆயுள் சுழற்சிக் கட்டங்களோ கட்டடத்துக்கென்றே வகுக்கப்பட்டவை. 2011-இல் வெளியான ஈஎன் 15978 என்ற ஐரோப்பியத் தரநிலை, பொருள் தயாரிப்பை ஏ1 முதல் ஏ3 வரையிலும், தளத்துக்குக் கொண்டுவருவதை ஏ4-இலும், கட்டுவதை ஏ5-இலும், பயன்பாட்டுக் காலத்தை பி1 முதல் பி7 வரையிலும், இடித்து அகற்றுவதை சி1 முதல் சி4 வரையிலும் வைத்தது.

ஸ்கோப் 1 நமக்குச் சொந்தமான அல்லது நம் கட்டுப்பாட்டில் உள்ளவற்றிலிருந்து நேரடியாக வெளியேறுவது. ஜெனரேட்டரில் எரியும் டீசல், பாய்லரிலும் சமையலறையிலும் எரியும் கேஸ், நம் வண்டிகளின் எரிபொருள், ஏசியிலிருந்து கசியும் குளிரூட்டி ஆகியவை இதில் அடங்கும். டீசல் பில் கையில் இருப்பதால் அதை யாரும் மறப்பதில்லை. கசிவுக்கு பில் கிடையாது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கரியமில வாயு. ஜெனரேட்டர் ஆண்டுக்கு 2,000 லிட்டர் குடித்தால் சுமார் 5.4 டன். அதே கட்டடத்தின் ஏசிகளிலிருந்து ஆர்-410ஏ வாயு ஆண்டுக்கு வெறும் 4 கிலோ கசிந்தால்? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கைப்படி அதன் புவி வெப்பமாக்கும் திறன் 2,088, அதாவது ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆகவே 8.3 டன்னுக்கு மேல்! கண்ணுக்குத் தெரியாத அந்த 4 கிலோ, புகை கக்கும் ஜெனரேட்டரை முந்திவிடுகிறது. ஆர்-32-க்கு அந்த எண் 675 மட்டுமே, புரோப்பேன் வகையான ஆர்-290-க்கு ஒற்றை இலக்கம். ஏசி வாங்கும் நாளில் எடுக்கும் இந்த ஒரு முடிவு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கட்டடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஏசி மெக்கானிக் வாயு நிரப்பும் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ என்று பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும், கசிவின் அளவு தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22-இன் வெப்பமாக்கும் திறனும் 1,800-ஐத் தாண்டும். ஆனால் அது ஓசோன் படலத்தைச் சிதைப்பதாக மான்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் வாயு என்பதால், ஜிஎச்ஜி புரோட்டோகாலின்படி ஸ்கோப்புகளுக்கு வெளியே தனியாகக் காட்டப்படுகிறது. ஸ்கோப் 1 குறைவாக இருக்கிறதே என்று பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு மகிழ்வது தவறு. ஆயுள் சுழற்சி முறையில் குளிரூட்டிக் கசிவு எந்த வாயுவாக இருந்தாலும் பி1-இல் வந்து உட்காரும். இந்த விஷயத்தில் எனக்கு அந்த முறையே நேர்மையானதாகப் படுகிறது.

ஸ்கோப் 2 வாங்கும் மின்சாரம், நீராவி, வெப்பம், குளிர்ச்சி. வெளி மையத்திலிருந்து குழாய் வழியே குளிர்நீர் வாங்கினால் அதுவும் இங்கேதான். மீட்டரில் ஓடிய யூனிட்டை உமிழ்வுக் காரணியால், அதாவது ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்ணால், பெருக்கினால் விடை வந்துவிடும். எந்தக் காரணி என்பதில்தான் இரண்டு கட்சிகள். மின் கட்டமைப்பின் சராசரியை எடுப்பது இருப்பிட முறை. யாரிடம் என்ன ஒப்பந்தத்தில் வாங்கினோம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான பசுமைச் சான்று வாங்கினோமா என்று பார்ப்பது சந்தை முறை. சந்தை முறையில் மின்சார உமிழ்வைச் சுழியமாகக்கூடக் காட்டலாம், கட்டடம் ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்காமலேயே. அதனால்தான் 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி, இப்படிப்பட்ட சான்றுகள் புழங்கும் சந்தைகளில் இரண்டு எண்களையும் காட்டச் சொல்கிறது. கட்டடத்தின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது இருப்பிட எண்ணைத்தான். சன்னலுக்கு நிழல் தந்திருக்கிறார்களா, கூரையில் வெப்பத்தடுப்பு போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

ஆயுள் சுழற்சி முறையில் மின்சாரமும் கேஸும் பிரிவதில்லை. கட்டடத்தை இயக்கச் செலவாகும் ஆற்றல் முழுதும் பி6. கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின் அடுப்பு வைத்தால், ஸ்கோப் கணக்கில் உமிழ்வு 1-லிருந்து 2-க்கு இடம் மாறும். பி6-இல் மொத்தம் கூடியதா குறைந்ததா என்று நேராகத் தெரியும்.

இரண்டு முறைகளும் நிஜமாகவே மோதிக்கொள்வது ஸ்கோப் 3-இல், அதாவது நம் செயலால் உண்டாகி மற்றவர்களிடம் வெளியேறும் உமிழ்வில். ஜிஎச்ஜி புரோட்டோகால் 2011-இல் வெளியிட்ட ஸ்கோப் 3 தரநிலை அதை 15 வகைகளாகப் பிரித்தது: நம்மிடம் வந்து சேரும் வரையிலானவை 8, நம்மைத் தாண்டிச் செல்பவை 7. சிமென்ட், கம்பி, கண்ணாடி, அலுமினியம் எல்லாம் கட்டட உரிமையாளருக்கு மூலதனப் பொருள்கள் என்ற 2-ஆம் வகை. அதே கட்டடத்தைக் கட்டி விற்பவருக்கோ அவை வாங்கிய பொருள்கள் என்ற 1-ஆம் வகை. விற்ற பிறகு அதில் எரியும் மின்சாரம், விற்ற பொருளின் பயன்பாடு என்ற 11-ஆம் வகை. தளத்தில் ஒப்பந்ததாரரின் இயந்திரம் எரிக்கும் டீசல் அவருக்கு ஸ்கோப் 1, உரிமையாளருக்கு ஸ்கோப் 3. ஆள் மாறினால் பெட்டி மாறுகிறது. ஆயுள் சுழற்சி முறையில் யார் கேட்டாலும் அது ஏ5 மட்டுமே.

இதைவிடப் பெரிய வேறுபாடு காலத்தில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 300 கிலோ உமிழ்வு என்று வைத்துக்கொள்வோம். கலவையைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். 500 கன மீட்டர் என்றால் 150 டன். ஸ்கோப் 3 விதிப்படி மூலதனப் பொருளின் உமிழ்வு முழுவதும் வாங்கிய ஆண்டிலேயே விழும், தேய்மானம்போலப் பரப்ப முடியாது. ஆயுள் சுழற்சி ஆய்வில் அதையே 60 ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 2.5 டன். ஒரு தாளில் மலையாகத் தெரிவது இன்னொரு தாளில் மடுவாகிவிடுகிறது. வளிமண்டலத்துக்கு அந்த 150 டன் கட்டுகிற ஆண்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. போர்ட்லண்ட் சிமென்டின் உமிழ்வில் பாதிக்கும் மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல் சூடேறிப் பிரியும்போது வருவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. எனவே ஆண்டுச் சராசரியை மட்டும் காட்டும் அறிக்கையைப் பார்த்தால், ஏ1 முதல் ஏ5 வரையிலான மொத்தத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ்களும் இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழில் 2018-இல் வந்த லீட் ஜீரோ கார்பன், ஓராண்டின் ஆற்றல் உமிழ்வோடு கட்டடத்துக்கு வந்து போவோரின் பயண உமிழ்வையும் சேர்த்தது. பயணம் ஸ்கோப் 3-இன் ஊழியர் போக்குவரத்து வகையோடு பொருந்தும்; ஈஎன் 15978-இன் 2011 பதிப்பு வகுத்த கட்டங்களில் அதற்கு இடமே இல்லை. 2025-இல் வந்த லீட் வி5-இல் புதிய கட்டடங்கள் பொருள்களில் பொதிந்த கார்பனை, அதாவது அவற்றைத் தயாரிக்கும்போதே வெளியேறிய உமிழ்வை, கணக்கிடுவது கட்டாயம். அது முழுக்க ஆயுள் சுழற்சியின் மொழி.

என் தேர்வு இதுதான். இன்னும் வரைபடத்தில் இருக்கும் கட்டடத்துக்கு ஆயுள் சுழற்சி முறையை முன்னே வையுங்கள். தூண்களின் இடைவெளி, தளத்தின் தடிமன், சிமென்டில் எவ்வளவு பங்கு இரும்பாலைக் கசடும் அனல் மின் நிலையச் சாம்பலும் சேர்க்கலாம் என்பதெல்லாம் கான்கிரீட் ஊற்றும் முன்புதான் நம் கையில் இருக்கும். ஏற்கெனவே இயங்கும் கட்டடத்துக்கு ஸ்கோப் முறையே பொருந்தும். ஆண்டுதோறும் ஒப்பிடலாம், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்றும் தெரியும். பெரிய சீரமைப்பு நடக்கும் ஆண்டில் மட்டும் இரண்டையும் ஒரே அட்டவணையில், ஒவ்வோர் உமிழ்வுக்கும் ஸ்கோப் ஒரு பத்தி, கட்டம் ஒரு பத்தி என்று எழுதுங்கள். இரட்டைக் கணக்கு உடனே கண்ணில் படும்.

வாடகைக் கட்டடத்தில் இந்த அட்டவணையைக் கொஞ்சம் முன்னதாகவே தொடங்க வேண்டும். வாடகைதாரர் தன் பெயரில் வாங்கும் மின்சாரம் அவருக்கு ஸ்கோப் 2. இயக்கக் கட்டுப்பாட்டின்படி, அதாவது தான் இயக்குவதை மட்டுமே தன் ஸ்கோப் 1, 2-இல் சேர்த்து, கணக்கிடும் உரிமையாளருக்கு அது வாடகைக்கு விட்ட சொத்துகள் என்ற ஸ்கோப் 3-இன் 13-ஆம் வகை. ஆனால் பி6-ஐ நிரப்ப முழுக் கட்டடத்தின் யூனிட்டும் வேண்டும், அந்த மீட்டரோ வாடகைதாரரிடம் இருக்கிறது. மாதாந்திர மின் அளவைப் பகிர வேண்டும் என்ற ஒரு வரியை வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால், அதைத் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.